அடிக்கடி ஒரு பொட்டுக்கடலை

கோணப்பட்டி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் "இங்கதான்" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. அந்த ஊரில் ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது, அதில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். மூன்று பேரும் ரொம்ப நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்புக் கிடைக்காது.

பள்ளியின் தலைவலி ஒன்றாம் வகுப்பு. பதினெட்டுப் பிள்ளைகள், ஒன்றுகூட ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராது. ஒருநாள் கல்வி அலுவலர் ஜீப்பில் வந்து பார்த்தார். மொத்த வகுப்பும் பெஞ்சு மேல் ஏறி நின்று அவருக்கு வணக்கம் சொன்னது. வெள்ளிக்கிழமை மறுபடி வருவேன், இந்த வகுப்பு அடங்கி உட்கார்ந்திருக்காவிட்டால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து ஊரில் சேர்த்துவிடுவேன், உத்தரவு பையிலேயே தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஜீப்பில் ஏறும்போது மனசு கேட்காமல் ஒரு யோசனையும் சொன்னார்.

"பிள்ளைங்க நல்லது செஞ்சா சின்னதா பரிசு கொடுங்க சார். உடனே கொடுங்க. அடிக்கடி கொடுங்க. எந்த நல்லதையும் விட்டுடாதீங்க."

தலைமையாசிரியர் சிங்காரவேலர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். சாக்பீஸ் துண்டாக இருந்ததால் 'பிள்ளைங்க' என்ற சொல்லை மட்டும் சிக்கனமாக விட்டுவிட்டார். இருபத்தோரு வருஷமாக அவர் அங்கேதான் இருக்கிறார். பள்ளி போய்விட்டால் காலையில் குளித்துவிட்டு எங்கே போவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

உடனே ஆலோசனைக் கூட்டம் போட்டார்கள். சின்னப் பரிசு என்றால் எவ்வளவு சின்னது என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. பூசணிக்காய் பெரிது என்று ஒருவழியாக முடிவானது. கடுகு கொடுத்தால் கீழே விழுந்ததைத் தேடவே பிள்ளை எழுந்துவிடும் என்றார் தவமணி டீச்சர். கடைசியில் பொட்டுக்கடலை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அப்புறம் 'அடிக்கடி'யில் மாட்டிக்கொண்டார்கள்.

"அடிக்கு அடின்னா, ஒரு அடி வாங்கினா பதிலுக்கு ஒரு அடியா?" என்று கேட்டார் தவமணி டீச்சர்.

"பிள்ளைங்கள நாம அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு டீச்சர்," என்றார் பூவராகன் சார். "அதுங்க நம்மள அடிக்கலாமான்னு அதுல ஒண்ணும் போடல."

சிங்காரவேலர் கண்ணை மூடி யோசித்தார். "இது ஸ்கேல் அடி சார். பன்னெண்டு இஞ்ச்," என்றார்.

மற்ற இருவரும் அவர் எப்படித் தலைமையாசிரியர் ஆனார் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை வாசல் கேட்டிலிருந்து வகுப்பு வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்து, அடிக்கு ஒரு கடலை வைத்தார்கள். பள்ளிக்கு வருவது நல்ல செயல் அல்லவா? பிள்ளைகள் பொறுக்கித் தின்றுகொண்டே வந்து சேர்ந்தார்கள். சேர்ந்ததும் திரும்பிப் போய் மறுபடி வந்தார்கள். ஆசிரியர்களும் சளைக்காமல் மறுபடி வைத்தார்கள். அன்று ஒவ்வொரு பிள்ளையும் ஒன்பது தடவை பள்ளிக்கு வந்தது. பதினெட்டுப் பேர் படிக்கும் வகுப்பில் நூற்று அறுபத்திரண்டு பேர் வந்ததாகப் பூவராகன் சார் வருகைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தால் ஒரு கடலை என்றார்கள். நிறைமதி என்ற முன்பல் விழுந்த பெண் குழந்தை உட்கார்ந்து ஒன்று வாங்கித் தின்றாள். கொஞ்சம் யோசித்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், கையை நீட்டினாள். மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்க எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. ஒரே நாளில் இத்தனை தடவை உட்கார்ந்த வகுப்பு இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று சிங்காரவேலர் பூரித்துப்போனார்.

"நடுவுல நடுவுல எந்திரிக்குதுங்களே சார்," என்றார் பூவராகன் சார்.

"எந்திரிக்காம எப்படி சார் உக்காரும்?"

புதன்கிழமை அமைதியாக இருந்தால் கடலை என்றார்கள். அமைதியாவதற்கு முன்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வயலில் மேய்ந்த மாடுகள் ஊரைப் பார்த்து ஓடின. வியாழக்கிழமை கடைக்காரர் கடையில் பொட்டுக்கடலை தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தார்.

வெள்ளிக்கிழமை ஜீப் சத்தம் கேட்டபோது டப்பாவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கடலை. சிங்காரவேலர் அதை எடுத்து, யாராவது நல்ல பிள்ளைக்குக் கொடுங்கள் என்று தவமணி டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தார்.

"சார், இப்ப நீங்க எனக்குக் கொடுத்தீங்களே, அது நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"எதையும் விட்டுடக் கூடாதுன்னு போட்டிருக்கு," என்று கடலையை அவரிடமே கொடுத்தார்.

வாங்கிக்கொண்ட சிங்காரவேலர் கலங்கிப்போனார். ஒரு நல்ல செயலைக் கவனித்து உடனே பரிசு கொடுத்திருக்கிறார் டீச்சர். இதைவிட நல்லது என்ன இருக்கிறது? கடலையை டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் அவரிடம் கொடுத்தார். இதில் நடுவில் யார் நிறுத்தினாலும் ஒருவருக்கு அநியாயம் நடந்துவிடும் என்பதால் இருவரும் நிறுத்தவில்லை. இப்போது யார் முறை என்று பூவராகன் சார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கடலை யாருக்குப் போகும் என்று பிள்ளைகள் எழுந்திருக்கவே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டுத் தலைகளும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின. ஒரு சத்தம் இல்லை.

வாசலில் வந்து நின்ற அலுவலர் பதினெட்டுப் பேரும் அடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார்," என்றார்.

பள்ளி பிழைத்தது. சிங்காரவேலர் அழுதே விட்டார். அழுதாலும் கடமையை மறக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடலையை அலுவலர் கையில் வைத்தார். அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு நல்ல பழக்கம் என்று தவமணி டீச்சர் வகுப்புக்கு எடுத்துச் சொன்னார். கடலை மறுபடி அலுவலர் கைக்கு வந்தது.

சாயங்காலம் நாலு மணி ஆகியும் ஐயாவைக் காணோமே என்று ஜீப் டிரைவர் தேடி வந்தார். வகுப்புக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

கல்வி அலுவலர் அவரைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார்.

"நல்ல பழக்கம்," என்றார். "சார், கடலை இப்ப யார்கிட்ட இருக்கு?"