ஒரு வாளி உறை

“எம் பயத்தைப் போக்கிவிடுங்க தாயி” என்றாள் பேச்சித்தாய்.

குரு தன் சிஷ்யையைவிட வயதில் இளையவள். மடத்துத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “எதுக்குப் பயம்?”

“கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு.”

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. முன்பெல்லாம் ஊர்ச் சாக்கடை கிணற்றோரமாக ஓடியது. போன மழையில் அவள் பிள்ளை வயிற்றோட்டத்தில் துவண்டு, பிழைத்ததே பெரும்பாடு. அதன் பிறகுதான் மடத்துத் தோட்டத்தில் தொட்டி கட்டினார்கள். கழிவுநீர் அதில் தேங்கி, கல்வாழைப் பாத்தி வழியே தெளிந்து வெளியேறும். தொட்டிக்குக் காவல் பேச்சித்தாய்.

ஒருநாள் மூடியைத் திறந்தவள் உள்ளே கறுத்த சகதியைப் பார்த்தாள். இத்தனையும் கிருமி என்று நினைத்து, ஒரு கேன் பினாயிலை அப்படியே கவிழ்த்தாள்.

தெளிந்து வந்த நீர் அதன் பிறகு குழம்பி வந்தது. நாற்றம் ஊரைத் தூக்கியது.

“மாசக் கடைசியில அதிகாரி வாராரு. அதுக்குள்ள நாத்தம் நிக்கலேன்னா தொட்டிய மூடிட்டு, தண்ணியப் பழைய வழிக்கே திருப்பிருவேன்” என்று சொல்லிவிட்டார் ஊர்த்தலைவர் மாடக்கண்ணு. பழைய வழி என்றால் கிணற்று வழி.

இதையெல்லாம் கேட்ட குரு சொன்னாள்: “இன்னைக்குப் பாலுக்கு நீ உறை ஊத்து. கொதிக்கக் கொதிக்க ஊத்து.”

“கொதிக்கிற பால்லயா?”

“ஊத்து.”

விடிந்ததும் பானையைத் திறந்தாள். பால் திரிந்து கிடந்தது.

“உறை என்னாச்சு?”

“வெந்து செத்துப்போச்சு தாயி.”

“செத்தது கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

பேச்சித்தாய் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்ப தண்ணியத் தெளிய வச்ச கிருமியத்தான் பினாயில் ஊத்திக் கொன்னேனா?” பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாளியோடு பக்கத்து ஊருக்கு நடந்தாள். அங்கேயும் அப்படியொரு தொட்டி உண்டு.

“என்னட்டி வேணும்?” என்றாள் அங்கே காவலிருந்தவள்.

“உறை.”

“மோரா?”

“உங்க தொட்டிச் சகதி.”

“குடத்தோட வந்து தண்ணி கேப்பாக. நீ வாளியோட வந்து சாக்கடை கேக்கே” என்று சிரித்தபடியே மொண்டு ஊற்றினாள்.

வழியெல்லாம் சனம் மூக்கைப் பொத்தியது. பேச்சித்தாய் வாளியைத் தளும்பவிடாமல் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள். மூடியைப் போட்டு, பிள்ளையை மடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மாடக்கண்ணு இரண்டு கேன் பினாயிலோடு வந்தார்.

“எந்திரி பேச்சி. ஊத்திட்டுப் போறேன்.”

“விட மாட்டேன்.”

“கிருமியெல்லாம் சாவும்ட்டி.”

“சாவும். அதான் விட மாட்டேன்.”

“நீதானே மொதல்ல ஊத்தினே?”

“ஆமா. நான்தான் கொன்னேன். இப்ப உறை ஊத்தியிருக்கு, தோயட்டும்.”

“அதுவரைக்கும் நாறுமே.”

“அதிகாரி மூக்கைப் பொத்திக்கிடட்டும். எம் பிள்ளை வயித்தை எதைக்கொண்டு பொத்த?”

“ஆளை விட்டுத் தூக்கிருவேன்.”

“பிள்ளையோட சேத்துத் தூக்குங்க.”

சொல்லும்போதே அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. எழுந்திருக்கவில்லை.

மாடக்கண்ணு, சத்தம் கேட்டுத் தோட்டத்துக்கு வந்து நின்ற குருவின் பக்கம் திரும்பினார். “இந்த நடுங்கு நடுங்குதாளே. பயத்தைப் போக்கத்தானே உங்ககிட்ட வந்தா? இன்னும் போக்கலியா தாயி?”

“எதுக்குப் போக்கணும்?” என்றாள் குரு. “இப்பதான் அது உக்கார வேண்டிய இடத்துல உக்காந்திருக்கு.”