பச்சோந்தி விழுங்கிய குரல்

சத்தத்துக்கு நிறம் இருந்த அந்தக் காலத்தில், வேலங்காட்டில் எல்லா உயிரும் பேசும். பேசுவது காதில் விழும், கண்ணுக்கும் தெரியும். தலைக்குள்ளே காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு வாசல் திறந்தே கிடந்தது. தவளை கத்தினால் பழுப்பு. காடை கூவினால் செம்மண் நிறம். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே இல்லை. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்கென்று ஒரு நிறத்தில் கூப்பிடுவாள். அந்தக் குரல் நூல் மாதிரி நீண்டு பிள்ளையின் காலடியில் போய் முடியும். பிள்ளை நூலோடு நடந்து வீடு வந்து சேரும்.

பச்சோந்திக்கு ஒரே மகன். அவன் நிறம் ஆவாரம்பூ மஞ்சள்.

காட்டுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. நூல் பருந்துக்கும் தெரியுமே.

ஒரு மத்தியானம் நிழல் விழுந்தது. பூச்சி பிடிக்கப் போன மகன் எங்கே என்று தெரியவில்லை. பச்சோந்தி அவனைக் கூப்பிட வாயெடுத்தாள்.

"அக்கா, வாயைத் தொறக்காதே," என்று பக்கத்துப் புதரிலிருந்து கௌதாரி கிசுகிசுத்தாள். அவ்வளவு சின்னக் குரலின் நிறம் புதரைத் தாண்டாது.

"அவன் வெட்டவெளியில நின்னா?"

"நிக்க மாட்டான். உன்னைவிட அவனுக்கு விவரம் ஜாஸ்தி. சும்மா இரு."

அவளால் முடியவில்லை. கூப்பிட்டுவிட்டாள்.

மஞ்சள் நூல் கள்ளிக்கு மேலே போய், பாறையைச் சுற்றி, ஒரு கல்லிடுக்கில் நுழைந்தது. மகன் அங்கேதான் பதுங்கியிருந்தான். எந்தப் பருந்தாலும் கண்டுபிடிக்க முடியாத இடம். அம்மா கூப்பிடுகிறாளே என்று வெளியே வந்தான். பருந்து நூலைப் பார்த்தே இறங்கியது. அவ்வளவுதான்.

அவள் அழுதாள். கன்றிப்போன காயத்தின் நிறம் அந்த அழுகைக்கு. அது காடு முழுக்கப் பரவியது. கண்ணை மூடினாலும் உள்ளே தெரிந்தது. முதலில் எல்லாரும் வந்து கூட உட்கார்ந்தார்கள். அப்புறம் சலித்துவிட்டது.

"என் தோகையே எனக்குத் தெரியல," என்றான் மயில்.

"போனது ஒரு குட்டி. அதுக்குக் காடே கண்ணு தெரியாமக் கிடக்கணுமா?" என்றான் கீரி.

"அதை அவ மூஞ்சிக்கு நேரா சொல்லேன், பார்ப்போம்," என்றாள் கௌதாரி.

கீரி அவளிடம் போகவில்லை. கரையான்களிடம் போனான். "எங்க தலைக்குள்ள இருக்கிற வாசலை மண்ணு வெச்சு அடைச்சிருங்க."

கரையான்கள் காது வழியாக நுழைந்து, எச்சிலில் மண்ணைக் குழைத்து, ஒவ்வொரு வாசலாகப் பூசின. கௌதாரியும் போய்க் காதைக் காட்டினாள். கதை சொல்லும்போது அதை மறைக்க முடியாது. கடைசியாக வந்த மனிதர்களுக்கு மண் போதவில்லை. சில பேருக்கு அரைகுறைப் பூச்சுதான்.

"உனக்குன்னு ஒரு கை மண்ணு தனியா எடுத்து வெச்சிருக்கோம். அடைச்சிடவா? நிம்மதியா இருக்கும்," என்று கரையான்கள் பச்சோந்தியைக் கேட்டன.

"வேணாம். அடைச்சா அவனோட மஞ்சளும் போயிடும்."

அவள் மறுபடி அழுதாள். யாருக்கும் நிறம் தெரியவில்லை. சத்தம் கேட்டது. வெறும் சத்தம்தானே என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்ந்தார்கள். அவள் வாயை மூடினாள். குரலை அப்படியே விழுங்கினாள். வெளியே வர வழியில்லாத நிறங்கள் தோலுக்கடியில் பரவின.

அரைகுறைப் பூச்சுக்காரர்களின் வம்சத்தில் இன்றைக்கும் ஏதாவது ஒரு பிள்ளை, மணி அடித்தால் நீலமாகத் தெரிகிறது என்கிறது. பொய் சொல்லாதே என்று அடி வாங்குகிறது. நாமோ நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிறவனைத் திட்டப் பச்சோந்தியின் பெயரை எடுக்கிறோம். அவள் யாரையும் ஏமாற்ற நிறம் மாறவில்லை. கூப்பிடுகிறாள்.

அன்று முதல்தான் பச்சோந்தி வாய் திறந்து கத்துவதில்லை. ஒரு கண் வானத்தில் பருந்தைத் தேட, இன்னொரு கண் கல்லிடுக்குகளில் மகனைத் தேடுகிறது.