மலையைச் சுருக்குன பொம்பளைங்க

ஏய் பூரணி, காலை ஆட்டாமப் படு. அத்தை ஒருதரம்தான் சொல்லுவேன். நடுநடுவுல நீ ‘ம்’ கொட்டணும். ‘ம்’ நின்னா கதையும் நின்னுடும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு மலை இருந்துச்சாம். அந்த மலைக்குப் பின்னால ஒரு மேகம் படுத்துத் தூங்குமாம். லேசுப்பட்ட தூக்கம் இல்ல, ஞாயித்துக்கெழமை உங்கப்பன் தூங்குவானே, அந்தத் தூக்கம். கொர்ர்... கொர்ர்... வருஷத்துக்கு ஒருதரம் மலை உச்சியில இருக்குற கல்வெளக்கை ஏத்துனாத்தான் கண்ணு கூசி முழிச்சுக்கும். முழிச்சா மழை. அதுலயும் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டு எண்ணெயையும் அந்தந்த வீட்டு ஆளே தூக்கிட்டுப் போய் ஊத்தணும். ஒரு வீட்டு எண்ணெய் கொறைஞ்சாலும் திரி பத்திக்காது.

ம்? சரி.

ஆம்பளைங்கதான் ஏறுவாங்க. பொம்பளை காலு பட்டா மலை சுருங்கிப் போயிடும்னு ஒரு பேச்சு. யாரு சொன்னதா? எவனோ வேலையத்தவன் சொன்னான். அப்புறம் பொழப்புத் தேடி ஆம்பளைங்க எல்லாம் தூர தேசம் போயிட்டாங்க. மிஞ்சுனது ஊர்ப்பெரியவர் சடையப்பர் ஒருத்தர்தான். அவருக்கு முட்டி மடங்காது. வெளக்கு ஏத்த ஆளில்ல, மேகம் பாட்டுக்குத் தூங்குது, கெணறு எல்லாம் வத்திப் போச்சு. இந்தத் தடவையும் மழை இல்லேன்னா ஊரையே விட்டுட்டுப் போயிடலாம்னு மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

அப்போதான் பாவாயி வந்தா, தோள்ல பெரிய கயித்துச் சுருளோட. அவ அந்த ஊருப் பொண்ணுதான். சின்ன வயசுல மலை ஏறப் போனவளை இழுத்து வந்து அடிச்சாங்க. போங்கடான்னு வடக்கே பனிமலைக்குப் போயிட்டா. அங்க ஏறாத சிகரம் இல்ல. ஆனா ஒரு கொறை. உச்சியில நின்னு, ‘எவ்ளோ அழகா இருக்கு!’ன்னு சொல்லுவா. ‘ம்’ சொல்ல ஒரு ஆளு இருக்காது. பனிதான் இருக்கும். அப்போ அவளுக்கு அழுகையா வரும்.

“பெரியப்பா, நாங்க ஏறுறோம்”னா சடையப்பர்கிட்ட.

“மலை சுருங்கிடும் தாயி.”

“சுருங்கட்டும். நம்ம ஊரு காலியாயிடுச்சுன்னா அந்த மலையை யாரு பாக்கப் போறா?”

அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, “சரி, ஏறுங்க”ன்னுட்டாரு.

அப்புறம் பாவாயி பொம்பளைங்களை எல்லாம் புளியந்தோப்புக்குக் கூப்பிட்டா. மலை ஏறச் சொல்லித் தருவான்னு பாத்தா, பாண்டி ஆட விட்டா! பேரன் பேத்தி எடுத்தவளுங்க எல்லாம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஒத்தக் கால்ல டொக்கு, டொக்கு, டொக்குன்னு தாவுறாளுங்க. ஒரே சிரிப்பு. ஒத்தக் கால்ல நிக்கத் தெரிஞ்சா பாறையில நிக்கலாம்ல, அதுக்குத்தான். தொப்பு தொப்புன்னு விழுந்தாங்க, எந்திரிச்சாங்க, நாள் போகப் போக விழறது நின்னு போச்சு. “அடி ஆத்தி, நமக்கு இவ்ளோ பலமா!”ன்னு அவங்களுக்கே ஆச்சரியம்.

ம் சொல்லுடி. கண்ணு சொக்குதா?

அப்புறம் ஒருநாள் விடியக்காலையில, வாசல்ல கோலம் போட்ட கையோட, வீட்டுக்கு ஒருத்தி எண்ணெய்த் தூக்கையும் கோலமாவுப் பொட்டலத்தையும் இடுப்புல கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாங்க.

மொதல்ல வந்துச்சு வழுக்குப் பாறை. கை வேர்க்குது, பிடிச்சா சர்ர்ர்ருனு வழுக்குது. “கோலமாவை எடுத்து உள்ளங்கையில தேய்ங்க”ன்னா பாவாயி. தேய்ச்சாங்க. கை பாறையில பல்லி மாதிரி ஒட்டிக்கிச்சு. ஏறிட்டாங்க.

அப்புறம் வந்துச்சு காத்து இடுக்கு. உய்ய்ய்... உய்ய்ய்... ஆளைத் தூக்குது. எல்லாரையும் ஒரே கயித்துல கோத்துக் கட்டுனா பாவாயி. ஒருத்தி அடி எடுத்து வச்சா எல்லாரும் வைக்கணும். அது எப்படின்னு முழிச்சப்போ, யாரோ ஒருத்தி கும்மிப் பாட்டை எடுத்து விட்டா. பாட்டுக்கு ஒரு அடி, தாளத்துக்கு ஒரு அடி. காத்தும் கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டுக்கிட்டு சும்மா நின்னுச்சாம்.

மூணாவதா வந்துச்சு மொட்டைப் பாறை. செங்குத்தா, மொழுமொழுன்னு. பாவாயி முன்னால ஏறுனா. கால் வைக்கத் தோதான குழி பாத்து, ஒவ்வொண்ணுலயும் கோலமாவால ஒரு புள்ளி வச்சுக்கிட்டே மேல போயிட்டா. “புள்ளியைப் பாத்து வாங்கடி!”ன்னு கத்துனா.

யாராலயும் வர முடியல. மொதப் புள்ளியில நின்னு எக்கி எக்கிப் பாக்குறாங்க, ரெண்டாவது புள்ளி எட்டவே இல்ல. பாவாயி பனைமரம் மாதிரி வளந்தவ. தன் காலு அளவுக்கே வச்சுட்டா! வெயிலோ சாயுது. இங்கயும் நான் தனியாத்தான் நிக்கப் போறேனான்னு பாவாயி கீழ எட்டி எட்டிப் பாத்தா.

அந்தக் கூட்டத்துலயே குள்ளம் குஞ்சம்மா. பாவாயிகூடச் சின்னதுல பாண்டி ஆடுனவ. அவ கீழேருந்து கத்துனா: “ஏ நெட்டச்சி! நேர்ப்புள்ளியாவே வச்சுட்டுப் போயிட்டியே! ஊடுபுள்ளி யாருடி வைப்பா?”

ஊடுபுள்ளி தெரியும்ல உனக்கு? ரெண்டு புள்ளிக்கு நடு எடத்துல வைக்கிற புள்ளி. பாவாயி தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. “நீயே வைடி, நான் கயித்தைப் பிடிச்சுக்கிறேன்!”

குஞ்சம்மா பாறையைத் தடவித் தடவிப் பாத்தா. பாவாயி காலுக்குப் பத்தாத சின்னச் சின்னப் பள்ளம் எல்லாம் குஞ்சம்மா விரலுக்குப் போதுமானதா இருந்துச்சு. ஒரு புள்ளி வச்சா, ஏறுனா. இன்னொரு புள்ளி, இன்னொரு அடி. பின்னாலயே எல்லாரும் புள்ளியைச் சுத்தி வளைஞ்சு நெளிஞ்சு ஏறுனாங்க. கீழேருந்து பாத்தா, யாரோ மலை மேல சிக்குக் கோலம் போடுற மாதிரி இருந்துச்சாம்.

...ம். நல்ல புள்ள.

உச்சிக்கு வந்து, வீட்டுக்கு ஒருத்தியா எண்ணெயை ஊத்துனாங்க. பக்குனு பத்திக்கிச்சு வெளக்கு. பொழுது சாயுது, கீழ ஊரு சின்னதா, மஞ்சளா, கனவு மாதிரி தெரியுது. பாவாயி மெதுவா, “எவ்ளோ அழகா இருக்கு”ன்னா.

எல்லாரும் ஒண்ணா, “ம்ம்ம்”னாங்க.

அவ்ளோதான், பாவாயி குஞ்சம்மா தோள்ல சாஞ்சுக்கிட்டு தேம்பித் தேம்பி அழுதா. சந்தோஷத்துல.

மேகம் ஒரு கண்ணைத் தொறந்துச்சு. ஹாஆஆவ்னு கொட்டாவி விட்டுச்சு. சோம்பல் முறிச்சுச்சு. அப்புறம் சொட்டு... சொட்டு... சடசடசடன்னு மழை! உச்சியில இருந்த குகையில ஒண்டிக்கிட்டு, விடிஞ்சு மழை விட்டதும் இறங்கி வந்தாங்க. புள்ளி எல்லாம் கரைஞ்சு போச்சு. ஆனா காலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு.

அடிவாரத்துல சடையப்பர் சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்கிறாரு. கட்டை விரலை நீட்டி, ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு மலையை அளக்குறாரு.

“என்ன மாமா, சுருங்கிடுச்சா?”ன்னா குஞ்சம்மா.

“தெரியலையே தாயி...”

“சுருங்கித்தான் போச்சு மாமா. நேத்து வரைக்கும் வானம் முட்ட இருந்துச்சு. இன்னைக்கு எங்க வாசப்படி அளவுதான் இருக்கு.”

பூரணி? அடியே பூரணி... ‘ம்’ காணோமே.

சரி, மேகம் முழிச்சுது, என் தங்கம் தூங்கிடுச்சு. கதையும் மலை இறங்கியாச்சு. நீ உன் கனவுல ஏறு.