ஸ்டியரிங்கில் கட்டிய பூ

தான் கைவைத்த கார் இரண்டாம் தடவை பட்டறைக்கு வராது என்று சேர்மக்கனி மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். மரக்கடை அண்ணாச்சியின் காரோ, சக்கரங்களைத் திருப்பும் பவர் ஸ்டியரிங் கியரை மாஸ்டர் புதிதாக மாட்டிய மறுநாளே வந்து நின்றது. ஸ்டியரிங் வலப்பக்கம் முழுக்கத் திரும்புகிறது. இடப்பக்கம் பாதியிலேயே முட்டிக்கொள்கிறது.

"கியர் செஞ்சவன் கோளாறு" என்றார் மாஸ்டர்.

"மாட்டின கோளாறு மாஸ்டர்" என்றாள் கார் கழுவும் பூமயில்.

மாஸ்டருக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாம நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

பூமயில் தன் தலையிலிருந்த பிச்சிப்பூவை எடுத்தாள். முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டியரிங்கின் உச்சியில் அதைக் கட்டினாள்.

"அண்ணாச்சி, நீங்களே சுத்துங்க. பூ எத்தனை தடவை மேல வருதுன்னு எண்ணுங்க."

வலப்பக்கம் இரண்டு சுற்று. இடப்பக்கம் ஒன்றே ஒன்று.

"மொத்தம் மூணு சுத்து. ரெண்டு பக்கமும் ஒன்னரை வர்ற மாதிரி நடுவுல வச்சு மாட்டியிருக்கணும். மாஸ்டர் நடுவைப் பாக்காமலே மாட்டிட்டாரு."

மாஸ்டர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தார்.

இப்போதெல்லாம் கியர் மாட்ட எந்தக் கார் வந்தாலும், மாஸ்டர் முதலில் ஸ்டியரிங்கில் பூ கட்டுகிறார். என்ன பக்தி என்று வாடிக்கைக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.