உதடு படாத மூன்று கோப்பை

முன்னொரு காலத்திலே, ஒட்டகமும் கழுதையும் சம்பந்தம் கொண்டாடிய காலத்திலே, செம்மணல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் நடுவே ஒரு பாலைவனம். மூன்று நாள் நடந்தாலும் ஒரு பச்சை இலை கண்ணில் படாது.

அந்தப் பாலையின் நட்டநடுவில் சித்திரையும் வைகாசியும் மட்டும் ஒரு தேநீர் விடுதி முளைக்கும். ஆமாம், யாரும் கட்டியதில்லை, முளைக்கும்! வெள்ளைத் துணி விரித்த மேசை, பூப்போட்ட பீங்கான் கோப்பை, தட்டு நிறைய கேக்கு, சுற்றிலும் பூந்தோட்டம். நடத்துகிறவள் பிரிட்டிஷ் சீமையிலிருந்து கப்பலேறி வந்த துரைசானி. பார்த்தால் பால் வடியும் முகம். ஆனால் சரியான சூனியக்காரி.

உப்பு விற்கும் அக்கா தங்கை இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவள் வடிவம்மை, இளையவள் உலகம்மை. சித்திரை பிறந்ததும் வடிவம்மை தன் கைக்குழந்தையைத் தங்கையிடம் கொடுத்து, "எட்டே நாளில் வந்துடறேன்டி" என்று கழுதையோடு பாலைக்குள் போனாள். வரவில்லை. வைகாசி முடிய நான்கு நாள் இருக்கும்போது கழுதை மட்டும் திரும்பி வந்தது. வந்து பேசியது. கழுதை பேசுமா என்று கேட்கிறவர்கள் எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

"கோப்பையில உதட்டை வச்சா, நினைவு போச்சு. நினைவு போச்சு, வேர் விட்டா. வைகாசி கடைசிப் பொழுது சாஞ்சா பூ உதிரும், பூ உதிர்ந்தா அவ இல்லை!" மூன்று தரம் இதையே சொல்லிவிட்டு, தவிட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டது கழுதை.

உலகம்மை உடனே புறப்பட்டாள். ஆட்டுப்பால் இறங்காமல் அழுதழுது இளைத்த குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டாள். உப்பு அளக்கும் கொட்டாங்கச்சியை இடுப்பில் செருகினாள். நடந்தாள், நடந்தாள், மூன்று நாள் நடந்தாள். தண்ணீர் இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. வைகாசி கடைசி நாள் பிற்பகலில் விடுதி வாசலை மிதித்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

வாசலில் பலகை: 'மூன்று கோப்பை அருந்தி எழுந்து நிற்பவர் கேட்டது கிடைக்கும்.'

"வருக, அமருக" என்றாள் துரைசானி.

உட்கார்ந்த உலகம்மையின் கண் தோட்டத்தில் ஓரிடத்தில் நின்றது. ஒரு தொட்டியில் ஒற்றை வெள்ளைப் பூ, ஐந்தே இதழ். அதன் நடுவில் மினுங்கியது அக்காவின் சிவப்புக்கல் மூக்குத்தி! கத்த வந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

முதல் கோப்பை வந்தது. ஏலக்காய் மணம் ஆளைச் சுண்டி இழுத்தது. ஒரே ஒரு வாய் உறிஞ்சு, உறிஞ்சு என்று வறண்ட தொண்டை கெஞ்சியது. உலகம்மை கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினாள். கழுத்தைச் சாய்த்தாள். அண்ணாந்து மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டாள். விளிம்பில் உதடு படவே இல்லை.

"சீ! இது என்ன பழக்கம்?" என்றாள் துரைசானி.

"பத்துப் பேர் குடிக்கிற கோப்பை ஆச்சுங்களே அம்மா. எச்சில் படலாமா?"

தோட்டத்தில் ஓர் இதழ் உதிர்ந்தது.

இரண்டாம் கோப்பையை விளிம்பு முட்ட, தளும்பத் தளும்ப ஊற்றினாள் துரைசானி. "ஒரு சொட்டுத் தரையில் சிந்தினாலும் நீ தோற்றாய்!" உலகம்மை மூச்சைப் பிடித்தாள். கை நடுங்காமல் தூக்கினாள், சாய்த்தாள். கடைசிச் சொட்டு மோவாயில் தொங்கி ஆடியது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். தரை காய்ந்தே கிடந்தது.

இன்னோர் இதழ் உதிர்ந்தது.

மூன்றாம் கோப்பை தளதளவென்று கொதித்துக்கொண்டே வந்தது. அப்படியே ஊற்றினால் தொண்டை வெந்துபோகும். விளிம்பில் உதட்டை வைத்து ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். "குடி பெண்ணே, நிதானமாகக் குடி" என்று சிரித்தாள் துரைசானி. வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. மூன்றாவது இதழும் விழுந்தது.

உலகம்மை இடுப்பிலிருந்து கொட்டாங்கச்சியை எடுத்தாள். கோப்பையிலிருந்து கச்சிக்கு, கச்சியிலிருந்து கோப்பைக்கு, ஒரு முழ உயரத்தில் தூக்கி ஆற்றினாள். நுரை பொங்கியது.

"நிறுத்து! தேநீரைச் சூடாகக் குடிப்பதுதான் முறை!"

"பலகையில அப்படி எழுதலையே அம்மா."

அவள் ஆற்ற ஆற்றச் சூரியன் இறங்கியது. நான்காவது இதழ் விழுந்தது. ஐயோ, இன்னும் சுடுகிறதே! ஆற்றினாள், ஆற்றினாள், கை கடுக்க ஆற்றினாள். பிறகு அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். கச்சியில் ஒட்டியிருந்த உப்பு நாக்கில் கரித்தது. வெறுங்கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

துரைசானியின் முகம் கறுத்தது. உடனே மறுபடியும் சிரித்தாள். "கேள். அக்காவைத்தானே கேட்பாய்? தாராளமாகத் தொட்டியோடு தூக்கிப் போ."

தொட்டியோடு! செடியாகவா அக்காவைக் கொண்டுபோவது? குழந்தை பூவிடமா பால் குடிக்கும்? சூரியன் மணல்மேட்டைத் தொட்டுவிட்டது. ஒற்றை இதழ் காற்றில் துடித்தது.

"அக்காவைக் கேட்கலைங்க" என்றாள் உலகம்மை. "வந்தவங்களுக்கு மட்டும் ஊத்திட்டு நீங்க பட்டினி நிக்கிறது எனக்குப் பொறுக்கலை. இதே கோப்பையில நீங்களும் ஒரு வாய் குடிக்கணும். இப்பவே குடிக்கணும். அதுதான் நான் கேட்கிறது."

துரைசானிக்கு வேர்த்துக் கொட்டியது. கொடுத்த வாக்கு தவறினால் சூனியம் செல்லாது, குடித்தாலோ ஆபத்து. என்ன செய்வாள், பாவம்! இவளைப் போலவே குடித்துத் தப்பிக்கலாம் என்று கோப்பையில் தேநீர் ஊற்றித் தலைக்கு மேல் தூக்கினாள். அண்ணாந்தாள். பிறந்ததிலிருந்து உறிஞ்சியே குடித்தவளுக்கு அது வருமா? பாதி மூக்கில் போனது, பாதி புரையேறியது. இருமினாள், தும்மினாள், கை நழுவியது. விளிம்பு வந்து உதட்டில் முட்டியது.

முட்டியதும் நினைவு போனது. நினைவோடு மந்திரமும் போனது! வேர் விட வேண்டியவள்தான், ஆனால் வேர் விட வைக்கிற மந்திரமே மறந்துபோய்விட்டதே.

படார், படார் என்று தொட்டிகள் வெடித்தன. பூ நின்ற இடத்தில் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஒட்டகக்காரர்கள், வளையல் வியாபாரிகள், ஒரு மாப்பிள்ளை ஊர்வலமே நின்றது. வடிவம்மை தள்ளாடிக்கொண்டு எழுந்தாள். கூந்தலில் அந்த ஒற்றை இதழ் ஒட்டியிருந்தது. ஈரமான மார்புச் சேலையைப் பார்த்துப் பதறினாள்.

"ஏய் உலகு, பிள்ளைக்குப் பசிக்குமேடி! நான் ரொம்ப நேரமா உட்கார்ந்துட்டேனோ?"

உலகம்மை அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மூன்று நாள் வழியை இரண்டே நாளில் ஓடிக் கடந்தார்கள். குழந்தை ஒரு கணம் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் தாயைப் பிடித்துக்கொண்டு குடித்தது, குடித்தது, வயிறு நிறையக் குடித்தது.

துரைசானியா? அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள். வருகிறவர்களுக்கு ஒரு முழ உயரத்தில் ஆற்றி, நுரை பொங்க, வெறும் தேநீர்தான் கொடுக்கிறாள். கதை சொன்ன எனக்கும் தொண்டை காய்கிறது. ஒரு டம்ளர் கொண்டுவாருங்கள், அண்ணாந்தே குடிக்கிறேன்.