எழுபத்திரண்டு கிலோ மரியாதை

அந்தத் தூத்துக்குடி ஆலையில் மேனேஜர் ராஜரத்தினம் எதிரே யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. எடைமேடையில் லாரி நிற்கும்போதுகூட டிரைவர் இறங்கிக் கைகட்டி நிற்க வேண்டும்.

அன்று இசக்கிமுத்து கொண்டுவந்த உப்பு லோடு, பக்கத்து உப்பளத்தில் போட்ட எடையைவிட எழுபத்திரண்டு கிலோ குறைந்தது.

“வழியில வித்துட்டியாலே? குறைஞ்சதை இப்பவே மேடையில வை. இல்லேன்னா போலீசைக் கூப்பிடுவேன்” என்றார் மேனேஜர்.

“வைக்கேன் சார்” என்ற இசக்கிமுத்து, லாரியில் ஏறி சீட்டில் உட்கார்ந்தான்.

எடை பார்க்கும் கிளார்க் தயங்கித் தயங்கிச் சொன்னார். “இப்ப சரியா இருக்கு சார்.”

இசக்கிமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “உப்பளத்துல என்னை உட்காரவச்சே எடை போட்டாவ சார். இங்க உங்க மரியாதைக்காக இறங்கினேன். அந்த மரியாதைதான் எழுபத்திரண்டு கிலோ.”