கரட்டுமேட்டு வேனுக்கு வந்த ஆம்ப்ளிஃபயர்

கரட்டுமேட்டில் சமதரை கிடையாது. எதை வைத்தாலும் உருளும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் எதையும் நன்றாக யோசித்துத்தான் வைப்பார்கள். வைத்த பிறகு அது உருளும்.

அங்கே தவசி ஒரு பழைய வேன் வைத்திருந்தான். சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவான். அவனுக்கு யோசனை சொல்ல ஒச்சப்பன், மொக்கையன் என்று இரண்டு மச்சான்கள்.

நெடுநாள் கழித்து ஒரு கல்யாணச் சவாரி வந்தது. பெண்ணின் தாய்மாமன் கறாராகச் சொல்லிவிட்டார்: "சாயங்காலம் வந்து பார்ப்பேன். பாட்டுப் பெட்டி தரமா இருந்தா உன் வண்டி. இல்லைன்னா கீழூர்க்காரன் வண்டி."

மூவரும் பாட்டுப் பெட்டி வாங்க டவுனுக்குப் போனார்கள். கடைக்கார ரபீக் பாய் கறுப்பில் ஒன்று, வெள்ளியில் ஒன்று என இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை எடுத்துக் கொடுத்தார்.

"ஒப்பிட்டுப் பார்த்துட்டு ஒண்ணை வச்சுக்குங்க, ஒண்ணைத் திருப்பிக் கொடுங்க. நல்ல தயாரிப்புன்னா கையில கனமா இருக்கணும். குலுக்கினா உள்ளே எதுவும் ஆடக் கூடாது. ஒரு மணி நேரம் ஆனாலும் கை சுடக் கூடாது. சும்மா இருக்கும்போது இரையக் கூடாது."

ஒச்சப்பன் நாலு விரலை மடக்கிக்கொண்டான். மறந்துவிடக் கூடாதென்று ஊர் வரும்வரை நிமிர்த்தவில்லை.

முதலில் கனம். மொக்கையன் கைக்கு ஒன்றாகத் தூக்கினான். "இடது கையில இருக்கிற கறுப்புதான் கனம்."

"மாத்திப் பிடி" என்றான் தவசி.

"இப்ப வெள்ளிதான் கனம் மச்சான்."

"அப்ப கனம் பெட்டியில இல்லைடா. இடது பக்கத்துல இருக்கு" என்றான் ஒச்சப்பன். மூவரும் சற்று நேரம் இடது பக்கத்தைப் பார்த்தார்கள்.

அடுத்தது குலுக்கல். இரண்டிலும் சத்தமே இல்லை.

"வெளியே இருந்து குலுக்கினா உள்ளே ஆடுறது எப்படித் தெரியும்?" என்றான் மொக்கையன். எல்லாத் திருகாணியையும் கழற்றிவிட்டுக் குலுக்கினார்கள். இரண்டிலும் எல்லாமே ஆடியது. பாதி கீழே விழுந்தது.

"பாய் நம்மளை ஏமாத்தப் பார்த்திருக்காரு" என்றான் ஒச்சப்பன் வருத்தத்தோடு.

சூட்டுச் சோதனைக்காக இரண்டையும் உச்சி வெயிலில் வேன் கூரைமேல் ஒரு மணி நேரம் வைத்தார்கள். தொட்ட மொக்கையன் கையை உதறிக்கொண்டு தொட்டித் தண்ணீரைத் தேடி ஓடினான்.

சவாரி போய்விட்டதென்று தவசி வேன் நிழலில் சாய்ந்து உட்கார்ந்தான். முட்டுக்கல்லில் கை பட்டது. ஜில்லென்று இருந்தது.

தட்டினான். குலுக்கப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். இரைச்சலே இல்லை.

"மச்சான், இங்க வாங்கடா" என்றான் மெதுவாக.

மொக்கையன் கல்லை இடது கையால் தூக்கினான், கனம். வலது கையால் தூக்கினான், அதுவும் கனம். மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

கல்லை எடுத்ததும் வேன் நகர்ந்தது. ஒச்சப்பன் சும்மா கிடந்த இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் சக்கரத்துக்கு அடியில் தள்ளினான். நொறுக்கென்று ஒரு சத்தம். வேன் நின்றது.

சாயங்காலம் தாய்மாமன் வந்தார். அவரும் கரட்டுமேட்டுக்காரர்தான். சீட்டுக்கு அடியில் கல் இருந்தது. ஒயரெல்லாம் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. தவசி பாட்டைப் போட்டான். நிசப்தம்.

"ஒண்ணும் கேக்கலையேப்பா."

"அதாங்க மாமா, துளி இரைச்சல் கிடையாது" என்றான் தவசி.

அவர் கல்லைத் தொட்டார். குலுக்கப் பார்த்தார். தூக்க முடியாமல் பெருமூச்சு விட்டார்.

"பெட்டி பிரமாதம். பாட்டுத்தான் சரியில்லை, மாத்திடுங்க. சவாரி உனக்குத்தான்."

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பிய தாய்மாமன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்து, முகம் சுளித்தார்.

"முட்டுக் கொடுக்க மட்டும் நல்ல கல்லா வாங்கிப் போடுங்கப்பா. இது ரெண்டும் மட்டமான கல்லு. நசுங்கிப் போய், உள்ளே இருக்கிற ஒயரெல்லாம் தெரியுது."